குட்டைப் பம்ப் துப்பாக்கி வாங்கலாமா? நாலு தெரு தள்ளி இருக்கும் தம்பிக்குச் சொன்ன கணக்கு

ஒரு சனிக்கிழமை காலையில் தம்பி ஒருவன் கூப்பிட்டான். கூடப் பிறந்தவன் இல்லை. இங்கே டாலஸ் பக்கத்தில் நாலு தெரு தள்ளி இருக்கும் ஊர்க்காரப் பையன். “அண்ணே, ஷாக்வேவ்னு ஒண்ணு பார்த்தேன். குட்டியா, கைக்கு அடக்கமா இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வைக்கலாமா?” என்றான். ஷாக்வேவ் என்பது ஷாட்கன் தோட்டா போடும் ஒரு குட்டைத் துப்பாக்கி: ஒரே தோட்டாவில் பல ஈயக் குண்டுகள் போகும், முன்பிடியை (அதுதான் ‘பம்ப்’) இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். கடையில் அதை ஏற்கெனவே தூக்கிப் பார்த்துவிட்டான் என்பது குரலிலேயே தெரிந்தது. அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்களுக்கு வரும் வியாதி அது. எனக்கும் வந்து போனதுதான்.

அன்று போனில் அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். டெக்சஸில் இருப்பவன் சொல்வது இது; மாநிலம் மாறினால் சில இடங்களில் கணக்கே தலைகீழாகும். நான் வக்கீல் இல்லை. வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகும் குடும்பஸ்தன், அவ்வளவுதான்.

அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி துப்பாக்கியைப் பற்றியதே இல்லை. “கிரீன் கார்டு கைக்கு வந்துடுச்சா?” வந்துவிட்டது என்றான். வந்திருக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்திருப்பேன். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ். அதைக் காட்டி வாங்கிவிட்டுப் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். நண்பனின் துப்பாக்கியை ரேஞ்சில் ‘சும்மா ரெண்டு ரவுண்டு’ சுட்டுவிட்டுப் போட்டோ போடும் எச்1பி தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ரெண்டு ரவுண்டும் இதே கணக்கில்தான் சேரும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடம் நின்றவன் எடுக்க வேண்டிய ஆபத்து இல்லை இது.

சரி, தம்பிக்கு அந்தத் தடை இல்லை. இனி துப்பாக்கிக்கு வருவோம்.

26 அங்குலம் என்ற எண் எங்கிருந்து வந்தது

மாஸ்பெர்க் நிறுவனம் 590 ஷாக்வேவைக் கொண்டு வந்தது 2017 தொடக்கத்தில். 12 போர் (குழலின் அகலத்தைச் சொல்லும் எண்). குழல் 14.375 அங்குலம். மொத்த நீளம் 26.37 அங்குலம், அதாவது 67 சென்டிமீட்டர். தோளில் அண்டக் கொடுக்கும் கட்டை கிடையாது. அந்த இடத்தில் கிளியின் தலை போல வளைந்த ஒரு பிடி. முன்னால் இழுத்துத் தள்ளும் பம்பில் ஒரு வார், கை வழுக்கிக் குழல் வாய்க்கு முன்னால் போய்விடாமல் இருக்க. குழலில் ஒன்றும் அதன் அடியில் உள்ள குழாயில் ஐந்துமாக ஆறு ஷெல் (ஷாட்கன் தோட்டா) பிடிக்கும். அதே வருடம் ரெமிங்டனும் 870 டாக்-14 என்று ஒன்றை இறக்கியது: 14 அங்குலக் குழல், மொத்தம் 26.3 அங்குலம், ஐந்து ஷெல். இரண்டு போட்டிக் கம்பெனிகள், இரண்டு வேறு வடிவமைப்புகள், ஆனால் இரண்டுமே 26-ஐ மயிரிழையில் தாண்டி நிற்கின்றன. காரணம் பட்டறையில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

மதுவிலக்குக் காலத்து ரவுடிக் கும்பல்களின் அட்டகாசத்துக்குப் பிறகு, 1934-ல் அமெரிக்கா என்எஃப்ஏ என்ற தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர், குட்டைக் குழல் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பதிவு, கூடவே 200 டாலர் வரி. அன்றைக்கு 200 டாலர் என்பது சாமானியன் யோசித்தே பார்க்க முடியாத தொகை. வேடிக்கை என்னவென்றால், மசோதாவின் முதல் வடிவத்தில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கிக்கொண்டு தப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியை நீக்கினார்கள். குட்டைக் குழலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டது போல. அந்தக் கம்பி இன்றும் இருக்கிறது.

ஷாட்கன் என்றால் குழல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஷாட்கனிலிருந்து செய்த எதுவும் மொத்தத்தில் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பதிவு. பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்து வருடம் வரை சிறை. 1939-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மில்லர் வழக்கு இதைப் பற்றியதுதான். ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குப் பதிவில்லாத ஒரு இரட்டைக்குழலைக் கொண்டு போனதாக இரண்டு பேர் மேல் குற்றச்சாட்டு. சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1992-ல் ஐடஹோவில் ரூபி ரிட்ஜ் முற்றுகையில் மூன்று உயிர் போனதே, அதன் வேரில் இருந்ததும் அறுத்த ஷாட்கன் இரண்டை விற்றதாக ராண்டி வீவர் மேல் போட்ட வழக்குதான். அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை நடுவர் குழு விடுவித்தது. போன உயிர்கள் போனவைதான். அங்குலக் கணக்கை இந்த நாட்டில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் 14 அங்குலக் குழல் வைத்த ஷாக்வேவ் எப்படித் தப்பியது? சட்டம் ‘ஷாட்கன்’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் ‘தோளில் வைத்துச் சுடுவதற்காகச் செய்தது’ என்ற வார்த்தை இருக்கிறது. ஷாக்வேவுக்குத் தோள்கட்டை ஒருநாளும் இருந்ததில்லை. தொழிற்சாலையை விட்டு வரும்போதே கிளித்தலைப் பிடிதான். எனவே சட்டத்தின் கண்ணில் அது ஷாட்கன் இல்லை, கைத்துப்பாக்கியும் இல்லை, வெறும் ‘துப்பாக்கி’. 26 அங்குலத்துக்கு மேல் இருப்பதால் உடலில் மறைக்கக்கூடிய ‘ஏனைய ஆயுதம்’ என்ற வகையிலும் விழவில்லை. துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் 2017 மார்ச்சில் இதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. கோட்டுக்குள் செருகி மறைத்துக்கொண்டு நடந்தால் அந்தப் பேச்சு மாறிவிடும், அது வேறு விஷயம்.

கடையில் நிரப்பும் 4473 படிவத்திலும் இது ‘மற்றவை’ என்றே பதிவாகும். அதனால் லைசென்ஸ் உள்ள கடையில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். சாதாரண ஷாட்கனுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் 18 போதும். வேறு மாநிலக் கடையில் போகிற போக்கில் வாங்கி வரவும் முடியாது. அந்தச் சலுகையும் ரைபிளுக்கும் ஷாட்கனுக்கும் மட்டும்தான்.

கையில் எடுத்தால் குட்டை, சுடும்போது?

என்னைக் கேட்டால் முடிவே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டத்தை எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பேசுவதில்லை.

தம்பியின் வாதம் எளிமையானது. வீட்டு நடைபாதை குறுகல், மூலை முடுக்கு நிறைய, எனவே குட்டைத் துப்பாக்கி நல்லது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குட்டையானது எது என்று பாருங்கள். 18.5 அங்குலக் குழலும் தோள்கட்டையும் உள்ள சாதாரண பம்ப், உதாரணத்துக்கு மாஸ்பெர்க்கின் மலிவுத் தம்பியான மேவரிக் 88, மொத்தம் 39 அங்குலம் அளவில் இருக்கும். ஷாக்வேவ் அதைவிட ஓரடி குறைவு. அந்த ஓரடியில் குழலில் குறைந்தது நாலே அங்குலம். மீதி எல்லாம் இல்லாமல் போன தோள்கட்டை. தோள்கட்டை இருந்தால் துப்பாக்கி உடம்போடு ஒட்டி நிற்கும். இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? குறி பார்க்க வேண்டுமானால் இரண்டு கையையும் நீட்டி, முகத்துக்கு முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். நீட்டிப் பிடித்தபின் குழலின் வாய் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். தோளில் வைத்த 18.5 அங்குலக் குழலின் வாயும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கும். பெட்டியில் வைக்கும்போது அது குட்டை; சுடும்போது குட்டை இல்லை.

இடுப்பில் வைத்துச் சுட்டால்? சினிமாவில் நன்றாக இருக்கும். ஷாட்கன் என்றால் ஈயக் குண்டுகள் வலை வீசியது போல விரியும், குறியே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. வாய் குறுக்கப்படாத குழலில், பெரிய உருண்டைகளான பக்‌ஷாட் குண்டுகள் ஒரு யார்டுக்குச் சுமார் ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய தோராயக் கணக்கு. ஐந்து யார்டு நீளமுள்ள ஹாலில் அது ஒரு கைப்பிடி அளவு. அவ்வளவுதான் வலை. ஃபெடரல் கம்பெனியின் ஃப்ளைட்கன்ட்ரோல் போன்ற ஷெல்லில் அதுகூட விரியாது.

தம்பியை நேரே ரேஞ்சுக்கு அழைத்துப் போனேன். வாடகைக்கு ஒரு ஷாக்வேவ் எடுத்துக்கொண்டோம். முதல் ஷெல்லை நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் இடுப்பிலிருந்து சுட்டான். ஏழு யார்டில் ஆளுயர அட்டை. அட்டையின் வலது ஓரத்தில் மூன்று ஓட்டை, மீதி குண்டுகள் பின்னாலிருந்த தடுப்புக்குப் போய்விட்டன. அந்த மூன்றைத் தவிர மற்றவை வீட்டில் என்றால் எங்கே போயிருக்கும் என்று மட்டும் கேட்டேன். அமெரிக்க வீட்டுச் சுவர் நம்மூர்ச் செங்கல் சுவர் இல்லை. மரச் சட்டத்தில் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகை. பக்‌ஷாட் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் அவன் மகள் தூங்குவாள்.

அடுத்தது முகத்துக்கு நேரே பிடித்தான். இதற்கென ஒரு முறை இருக்கிறது: முன்கை பம்பை முன்னே தள்ள வேண்டும், பின்கை பிடியைப் பின்னே இழுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில், வில்லை வளைப்பது போல. அந்த இழுவிசைதான் உதையை விழுங்கும். அதைப் பழகியவர்கள் கையில் ஷாக்வேவ் அற்புதமாகவே வேலை செய்கிறது, பார்த்திருக்கிறேன். பழகாதவன் கையில் பிடியின் பின்புறம் தாடையை நோக்கி வரும். தம்பிக்கு வரவில்லை, நல்லவேளை. மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. முதல் நாள் எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உதடு கிழிந்தது. வீட்டில் கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லி வைத்தேன்.

உதையைக் கணக்காகவும் பார்க்கலாம். ஷாக்வேவ் ஐந்து பவுண்டு சொச்சம் எடை, இரண்டரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. மேவரிக் போன்றது ஏழு பவுண்டு அளவில். ஒரே ஷெல்லைப் போட்டால் லேசான துப்பாக்கியில் பின்னுதைப்பின் சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். அதைத் தாங்கத் தோளும் இல்லை, இரண்டு மணிக்கட்டு மட்டும்தான். அப்புறம் பம்ப். தோளில் ஊன்றிய துப்பாக்கியில் இழுப்பதற்கு ஒரு பிடிமானம் இருக்கும். அந்தரத்தில் நிற்கும் துப்பாக்கியில் பதற்றத்தில் அரைகுறையாக இழுப்பது சுலபம். அரைகுறையாக இழுத்தால் காலி ஷெல் வெளியே போகாது, புதியது உள்ளே வராது. தம்பிக்கு நாலாவது ஷெல்லில் அது நடந்தது. யாரும் அவனைத் துரத்தவில்லை, ஏசி போட்ட ரேஞ்சு, அப்படியிருந்தும்.

20 போரிலும் 410-லும் ஷாக்வேவ் வந்திருக்கிறது. உதை நன்றாகக் குறையும். 410 என்பது மற்றவை போல ‘போர்’ எண் இல்லை, குழலின் விட்டம் (0.410 அங்குலம்). 12 போர் என்பதோ குழலில் பொருந்தும் உருண்டை ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை என்ற பழைய எண்ணிக்கை. இல்லாவிட்டால் 12 போரிலேயே ஒன்றேமுக்கால் அங்குலக் குட்டை ஷெல் கிடைக்கிறது. பழைய 590-ல் அது சிக்கும், ஒரு சின்ன ரப்பர்த் துண்டு வைத்தால் ஓடும். பிறகு வந்த 590எஸ் மாடலை அதற்கென்றே செய்திருக்கிறார்கள். இத்தனை ஒட்டுவேலை செய்து உதையைக் குறைப்பதற்குப் பதில் ஒரு தோள்கட்டை இருந்தால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

சாதாரண பம்ப்: பேச அதிகமில்லை

இரண்டாவது வழியைப் பற்றி எழுத அதிகமில்லை. அதுவே அதன் பெருமை. 18.5 அங்குலக் குழல், தோள்கட்டை. நீளத்தில் எந்தச் சட்ட இடுக்கிலும் நிற்கவில்லை. மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 வகைகளில் நீளக் குழலைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டால் அதே துப்பாக்கியால் வானில் பறக்க விடும் களிமண் தட்டும் சுடலாம், பருவத்தில் புறா வேட்டைக்கும் போகலாம். ஷாக்வேவால் வேறு எந்த வேலையும் ஆகாது. மேவரிக் 88 விலையிலும் குறைவு. மிச்சப் பணத்தில் ஒரு பயிற்சி வகுப்பும் நாலு பெட்டி ஷெல்லும் வாங்கலாம்.

கட்டை நீளம் மட்டும் பாருங்கள். கடையில் வரும் கட்டை ஆறடி அமெரிக்கனுக்கு அளவெடுத்தது. நம் உயரத்துக்கும், குறிப்பாக வீட்டுப் பெண்களுக்கும், ஓரிரண்டு அங்குலம் குறைந்த கட்டை மாற்றினால் துப்பாக்கி கைக்குள் வந்துவிடும். குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26-க்கும் குறையாதவரை அதில் சட்டச் சிக்கல் இல்லை. ‘பெரிசா இருக்கே’ என்று ஷாக்வேவ் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேரின் குறை இந்தக் கட்டை மாற்றத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ரெமிங்டனா, மாஸ்பெர்க்கா என்ற சண்டை தனி. ரெமிங்டனின் உடல் எஃகு, மாஸ்பெர்க்குடையது அலுமினியக் கலவை. மாஸ்பெர்க் 590-ல் பாதுகாப்பு விசை மேலே, கட்டை விரலுக்கு அடியில். ரெமிங்டனில் சுட அழுத்தும் விசைக்குப் பின்னால் குறுக்குப் பொத்தான். இடது கைக்காரர்களுக்கு மாஸ்பெர்க் வசதி. மேவரிக்கிலும் குறுக்குப் பொத்தான்தான் என்பதை வாங்கும்போது கவனியுங்கள். ரெமிங்டன் கம்பெனி 2018-லும் 2020-லும் திவாலாகி, கைமாறி, நியூயார்க்கின் இலியன் ஊரிலிருந்த தொன்மையான ஆலையை 2024-ல் மூடிவிட்டது. பழைய 870 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள் பெரியவர்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

மூன்றாவது வழி: பதிவு

இதைத் தம்பி யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டியது இப்போதுதான்.

2017-ல் ஷாக்வேவ் பரபரப்பாக விற்றதற்குக் காரணம், 200 டாலர் வரியும் மாதக்கணக்கான காத்திருப்பும் இல்லாமல் குட்டைக் குழல் கிடைக்கிறது என்பதுதான். 1934-லிருந்து ஒரு டாலர்கூட மாறாமல் இருந்த அந்த வரி, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் குட்டைக் குழல்களுக்கும் சைலன்சருக்கும் பூஜ்யம் ஆகிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல். பதிவு போகவில்லை. கைரேகை, போட்டோ, விண்ணப்பம், ஊர் போலீஸ் அதிகாரிக்கு ஒரு நகல், காத்திருப்பு எல்லாம் அப்படியே. ஆனால் காசு மிச்சம் என்ற காரணம் செத்துவிட்டது.

அதாவது உண்மையிலேயே குட்டையாக வேண்டும் என்றால், மாநிலம் அனுமதித்தால், விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கி, 14 அங்குலக் குழலோடு தோள்கட்டையும் உள்ள துப்பாக்கியையே வைத்துக்கொள்ளலாம். குட்டைக் குழலுக்கு உள்ள நியாயமும் கட்டைக்கு உள்ள நியாயமும் சேர்ந்த ஒரே வடிவம் அது. ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் கட்டை மாட்ட வேண்டும். ‘அப்ளை பண்ணிட்டேனே’ என்பது பதில் ஆகாது. தானே மாற்றிச் செய்வதாக விண்ணப்பித்தால் பெயரையும் ஊரையும் துப்பாக்கி மேல் பொறிக்கவும் வேண்டும். வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக ஒவ்வொரு முறையும் ஏடிஎஃப் முன்அனுமதி. ஓக்லஹோமாவுக்கு வார இறுதி முகாம் போகிறவனுக்கு இது பெரிய தொல்லை.

இன்னும் சின்னதாகச் செர்பு சூப்பர் ஷார்ட்டி என்று ஒன்று இருக்கிறது: ஆறரை அங்குலக் குழல், மொத்தம் பதினாறரை அங்குலம். ‘ஏனைய ஆயுதம்’ வகை, அதற்கும் பதிவு உண்டு. பொம்மை போல இருக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கிய பிறகு வரும் பொறிகள்

ஷாக்வேவின் தனிக் குணம் இது: வாங்கும்போது சட்டப்படி சரியாக இருக்கும், நீங்கள் ஒரு திருகாணியைத் திருப்பினால் தப்பாகிவிடும். பிடி பிடிக்கவில்லை என்று செங்குத்தான பிஸ்டல் பிடி மாட்டினால் மொத்த நீளம் 26-க்குக் கீழே போய்விடும். வேறொரு மாஸ்பெர்க்கின் தோள்கட்டை வீட்டில் கிடக்கிறதே என்று மாட்டினால் பதிவில்லாத குட்டை ஷாட்கன். தலைகீழாக, கட்டையோடு பிறந்த ஷாட்கனைப் பிரித்துக் கிளித்தலைப் பிடியும் 14 அங்குலக் குழலும் போட்டு ‘நானே ஒரு ஷாக்வேவ் செஞ்சேன்’ என்றால் அதுவும் குற்றம். பார்க்க இரண்டும் ஒன்றுதான், ஆனால் அது ஷாட்கனிலிருந்து செய்தது. பிறப்புச் சான்றிதழ் பார்க்கும் சட்டம் இது. 0.37 அங்குல இடைவெளியில் குடித்தனம் நடத்துகிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

மாநிலம் வேறு. டெக்சஸிலேயே 2017 செப்டம்பர் 1 அன்று திருத்தம் அமலுக்கு வரும்வரை ஷாக்வேவ் மாநிலச் சட்டத்தில் சிக்கலாகத்தான் இருந்தது. ஒஹையோவில் 2019-ல்தான் வழி திறந்தது. கலிஃபோர்னியாவில் தோளில் வைப்பதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. ஷாட்கன் ஷெல் போடும் எதுவானாலும் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் தடை. டாலஸ் பக்கத்து இர்விங்கிலிருந்து கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்கு வேலை மாறும் நம்மவர்கள் எத்தனை பேர்! வீட்டுச் சாமானோடு ஷாக்வேவும் லாரியில் ஏறினால் அங்கே போய் இறங்கும்போது அது வேறு பொருள். சாதாரண பம்ப் வைத்திருப்பவனுக்கு இந்தத் தலைவலி மிகக் குறைவு.

இந்தியாவுக்குக் கொண்டு போகலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே 1959-ம் வருட ஆயுதச் சட்டம், லைசென்ஸ் கலெக்டரிடமோ கமிஷனரிடமோ. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

பூட்டு

டெக்சஸில் சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக எட்டும்படி வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குப் போய்விட்டால், வைத்தவர் மேல் குற்றம். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் ஒரு மாலையில் முப்பது பிள்ளைகள் மாடிக்கும் கீழுக்கும் ஓடுவார்கள். உடை அலமாரியின் மேல்தட்டு பாதுகாப்பான இடம் என்று நினைப்பவர்கள், பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுவதைப் பார்த்ததில்லை.

இங்கே குட்டைத் துப்பாக்கிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். 26 அங்குலம் என்பதால் கட்டிலுக்கடியில் திருகி வைக்கும் சின்ன இரும்புப் பெட்டியில் அடங்கிவிடும். அதுபோல முகாம் வண்டியில், படகில், கரடி நடமாடும் அலாஸ்கா காட்டில் கூடாரத்துக்குள் வைத்திருக்க, இடம்தான் பிரச்சினை என்ற சூழலில், பழகிய கைக்கு ஷாக்வேவ் நியாயமான தேர்வுதான். அதன் உண்மையான வாடிக்கையாளர் அவர்கள்தான். புறநகர் நாலு படுக்கையறை வீட்டுக்காரனுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. மேவரிக்குக்கு நிற்க வைக்கும் பெட்டி சுவரோடு திருகினால் முடிந்தது.

பூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, யாரும் யோசிக்காதது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதத்துக்கு வருவார்கள், பி2 விசாவில். முதலில் சொன்ன தற்காலிக விசாத் தடை அவர்களுக்கும் பொருந்தும். எண் பூட்டின் எண் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. மருமகன் துப்பாக்கியை மாமனார் ஆசையாகத் தூக்கிப் பார்ப்பதுகூட வேண்டாம்.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்சம் விழித்தான். அவனுடைய மாமனார் ஓய்வு பெற்ற ஏட்டு. அவருக்குக் காட்டத்தான் பாதி ஆசையே.

அன்று ரேஞ்சில் ஐந்து ஷெல் சுட்டிருந்தான். ஆறாவதை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து லேனில் ஒரு அம்மா தோளில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்த சாதாரண பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவர் அட்டையில் ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒரு தட்டுக்குள் இருந்தன. திரும்பி வரும்போது வண்டியில், “அந்தக் கட்டையைக் குறைச்சுப் போட எவ்வளவு ஆகும்ணே?” என்று கேட்டான். பெட்டியை முதலில் வாங்கு என்றேன். அடுத்த சனிக்கிழமை சுவருக்குள் மரச் சட்டத்தைத் தேடித் துளை போட நான்தான் போயிருந்தேன்.